முகாமுக்குப் போன ஜாடி

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று, எங்கள் சாரணியர் படைக்குப் பொறுப்பாக இருந்த டீச்சர் இரண்டு கோடை முகாம்களைப் பற்றிச் சொன்னார். ஒன்று ஏலகிரி மலையில், இன்னொன்று மணிமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். எது வேண்டும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். அவர் செய்த தப்பு அதுதான். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் என்ன கேட்டாய் என்று விசாரிப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருவில். அப்பா கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர். ஊருக்கே பிரசாதம் வடிக்கிற கை அது. ஆனால் வீட்டில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் உள்ளே போய் ஒரே ஒரு டம்ளர் சாத்தமுது வைப்பார். சாத்தமுது என்றால் வேறொன்றுமில்லை, ரசம்தான். அம்மா அதைக் குடித்து முடித்தால் பாத்திரத்தில் ஒரு சொட்டு மிஞ்சியிருக்காது.

வீட்டில் அதிகாரம் முழுக்க அத்தையிடம். அப்பாவின் அக்கா. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் என்பதால், அவள் பேச்சுக்கு அப்பா மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மா இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டிவிட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. அத்தையின் வாய்தான் எனக்கு வந்திருக்கிறது என்று அம்மா பிற்பாடு சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அத்தை விசாரணையை மலையிலிருந்து ஆரம்பித்தாள். அங்கே குளிருமா, கரடி உண்டா, கிணறு எவ்வளவு தூரம் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நான் தயாராகவே இருந்தேன். கடைசியில் அங்கே கோயில் இருக்கிறதா என்றாள். சந்தோஷத்தில் பெரிய முருகன் கோயில் இருக்கிறது என்று உளறிவிட்டேன். பெருமாளைத் தவிர வேறு சாமியை ஏறெடுத்துப் பார்க்காமல், எங்கள் தெருவில் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போதுகூட வேகமாக நடக்கிறவள் அவள். ஏலகிரி அதோடு முடிந்தது.

மணிமங்கலத்தில் பெருமாள் கோயில் இருந்தது. அங்கே கைங்கரியம் செய்கிறவர் எங்களுக்குத் தூரத்து உறவு. போதாதா? மலை போய் மைதானம் வந்தது. பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊருக்கு, காசிக்குப் போகிற மாதிரி வீட்டில் ஏற்பாடு ஆரம்பமாயிற்று.

டிரங்குப் பெட்டிக்கு எண்ணெய் போட்டார்கள். ஜமக்காளத்தை வெயிலில் உதறினார்கள். முடிச்சுப் போட்டுப் பழக ஒரு கயிறு வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா கிணற்றுத் தாம்புக்கயிற்றிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தாள். என் மணிக்கட்டு கனத்துக்கு இருந்தது அது. அதில் விழுந்த முடிச்சு எதையும் அப்புறம் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. சீருடைப் பாவாடை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருக்கும் என்று தையல்காரர் சொல்ல, அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். பாவாடை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. சாரணியர் சரித்திரத்திலேயே நடக்கும்போது தெருவைப் பெருக்கிக்கொண்டு போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் அத்தை ஒரு நிபந்தனை போட்டாள்.

"போகட்டும். ஆனா அங்க யார் யாரோ அடுப்பு மூட்டுவா. அந்தச் சாதம் இவ வாயில படப்படாது. சம்மதம்னா போகலாம். இல்லேன்னா அடுத்த வருஷமும் கேக்க வேண்டாம்."

முகாம் என்றால் எனக்குக் கூடாரமும் இல்லை, முடிச்சும் இல்லை. மைதானத்தில் நீளமாகப் பந்தி போட்டு எல்லாப் பெண்களும் தட்டோடு உட்காருவார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் என் தோழியை இடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஒரகடத்தில் விவசாயம் செய்கிற வீட்டுப் பெண் அவள். தினமும் பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். ஐந்து வருஷமாக ஒரே பெஞ்சு. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் நான் வீட்டுக்கு ஓடிவிடுவேன், அவள் பள்ளிக்கூடத்திலேயே தூக்கைத் திறப்பாள். ஒரு வேளைகூட நாங்கள் சேர்ந்து சாப்பிட்டதில்லை.

அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு வார்த்தை பேச வராதா என்று அம்மாவிடம் பொருமினேன். அம்மா வழக்கம்போல் தலையை ஆட்டினாள்.

கடைசியில் அத்தையே ஒரு வழி சொன்னாள். ஒரு பையில் அவல், கூடப் புளிக்காய்ச்சல். அவலை நனைத்து, புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்து, வேளாவேளைக்கு நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவலை அவளே படியால் அளந்து போட்டாள். புளிக்காய்ச்சலை அப்பா செய்து தருவதாகச் சொன்னார். இந்த விவகாரம் முழுவதிலும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

கோயிலில் சித்திரை உற்சவம் அப்போதுதான் முடிந்திருந்தது. அப்பா ஒரு மத்தியானம் வந்து, குளித்து, மடியாக உள்ளே போனார். நல்லெண்ணெய் காய்ந்து புளி கொதித்த வாசனைக்குத் தெருவே மூக்கை நீட்டியது. கோயில் பக்குவம், மிளகுக் காரம். வெளியே வந்தபோது அவர் கையில் இருந்தது எங்கள் வீட்டிலேயே பெரிய ஊறுகாய் ஜாடி. கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மட்டும் சிரித்தாள்.

"உற்சவக் கை இன்னும் இறங்கலடா உனக்கு" என்றாள்.

அப்பாவும் சிரித்துவிட்டு, ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைத் தூக்கப் போகிறவள் நானல்லவா?

ஒரகடத்தில் தோழி பஸ் ஏறினாள். இப்போது கார்களும் லாரிகளும் உருவாகி வருகிற அந்தப் பக்கமெல்லாம் அப்போது வேர்க்கடலைக் கொல்லை. அவள் மடியிலும் ஒரு பை நிறையக் கடலை. என் காலடியில் இருந்த ஜாடியைப் பார்த்து, "இன்னாடி இது, உன் தங்கச்சியா?" என்றாள். சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தபோது இரண்டு பேருமாகச் சேர்ந்து ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

முதல் நாள் மத்தியானம் பந்தி போட்டார்கள். நான் தட்டும் அவல் பையும் ஜாடியுமாகப் புங்கமரத்தடிக்குப் போனேன். தோழி பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் வராததைப் பார்த்து எழுந்து வந்தாள். அத்தையின் உத்தரவை மென்று முழுங்கிச் சொன்னேன்.

"எங்க கை சோறு உனக்கு ஆவாதா?" என்றாள்.

நான் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவள் நின்று கேட்கவில்லை. தனியாக உட்கார்ந்து அவலைப் பிசைந்தேன். அப்பா செய்ததில் அப்படி ஒரு ருசி, அதுவும் சேர்த்துத்தான் அழுகையை வரவழைத்தது. ராத்திரி கூடாரத்தில் அவள் வேறு மூலையில் படுத்துக்கொண்டாள். நான் ஜாடிக்குப் பக்கத்தில் படுத்தேன்.

மூன்றாம் நாள் சமையல் முறை எங்கள் குழுவுக்கு வந்தது. மடப்பள்ளிக்காரர் பெண் ஆயிற்றே என்று டீச்சர் சாம்பார் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் அம்மா பக்கத்தில் இருந்தால். ஆனால் இதை வெளியே சொன்னால் அப்பாவின் மானம் என்னாவது? பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் நின்றேன்.

"நீ துன்னாத சோத்துக்கு நீ எதுக்கு ஆக்குற?" என்றாள் தோழி, விறகைத் தள்ளிக்கொண்டே. நான் புளியைக் கரைக்க ஆரம்பித்தேன்.

சமையல் தெரியாதே தவிர, சட்டம் தெரியும். மடப்பள்ளியில் தளிகையை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் வாயில் வைப்பது பாவம். அப்பா கண்ணாலேயே பார்த்து உப்புப் போடுவார். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான். ஆகவே கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்கப்போன பெண்ணின் கையைத் தட்டிவிட்டேன். இங்கே எந்தச் சாமிக்குப் படைக்கப்போகிறோம் என்று அவள் கேட்டாள். சாமி எங்கேயும் இருப்பார் என்று அத்தை குரலில் ஒரு போடு போட்டேன். எல்லாரும் பயந்துபோனார்கள்.

அண்டாவில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள இனி யாருக்கும் வழியில்லை. நான் அப்பாவைப் போல் கை நிறைய அள்ளி வீசிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். நான் போடவில்லை என்று நினைத்துத் தோழி போட்டாள். அவள் போட்டதைப் பார்க்காமல் இன்னொரு பெண் போட்டாள்.

டீச்சர் முதல் வாய் சாப்பிட்டார். பிறகு தண்ணீர்ச் சொம்பை முழுக்கக் காலி செய்தார். பந்தியில் பாதிப் பெண்கள் துப்பிவிட்டார்கள். சின்ன வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பசியில் அழ ஆரம்பித்தார்கள். காலையிலிருந்து கொளுத்துகிற வெயிலில் அணிவகுத்து நடந்த குழந்தைகள். மோரும் இல்லை. வெறும் சாதம் மலையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தோழி என்னைப் பார்க்கவே இல்லை, தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான், என் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று ஜாடியை வைத்திருந்த புங்கமரத்தடிக்கு ஓடினேன். அந்தப் பாவாடையில் ஓட்டம் ஏது, விழுந்து எழுந்து போனேன். ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பந்தி நடுவில் இறக்கித் துணியை அவிழ்த்தேன். மிளகும் நல்லெண்ணெயும் சேர்ந்து வந்த வாசனைக்கு அழுகை எல்லாம் நின்றுவிட்டது. பெரிய தாம்பாளத்தில் சாதத்தைக் கொட்டினார்கள். பிசைய யாரையாவது வரச் சொன்னார் டீச்சர். தோழி எழுந்து வந்தாள். முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு, எங்கள் அப்பாவின் புளிக்காய்ச்சலைத் தன் கையால் சாதத்தில் போட்டுப் பிசைந்தாள். வரிசையாகத் தட்டுகளில் வைத்துக்கொண்டே வந்தவள் என் முன்னால் நின்றாள். கையில் ஒரு பிடி சாதம் இருந்தது. வைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்காமல் நின்றாள்.

தட்டை நீட்டினேன். அன்றைக்கு எனக்குப் பசித்த மாதிரி அதற்கப்புறம் பசித்ததே இல்லை. மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பந்தியில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இடமில்லாத மாதிரி இடித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வேளையும் ஜாடி பந்தியின் நடுவில்தான் இருந்தது. சாம்பாருக்குப் பக்கத்தில் நான் போனால் மட்டும் எல்லாரும் சேர்ந்து விரட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஜாடியை மறைக்க முடியாது. ஆனால் அத்தை முதலில் அவல் பையைத்தான் பிரித்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிறகு ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். துடைத்துவிட்ட மாதிரி காலி.

"அவல் மிஞ்சியிருக்கு. புளிக்காய்ச்சல் எங்கடி?"

அடுத்த வருஷமாவது போய்விடலாம் என்று நான் நினைத்திருந்த ஏலகிரி என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அம்மா தலையை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அக்கா பக்கத்தில் நிற்பது தெரியாத மாதிரி கேட்டார்.

"எல்லாருக்கும் போறித்தாடி?"

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு டம்ளர் சாத்தமுதை ஒரு சொட்டு மிஞ்சாமல் வைக்கத் தெரிந்த மனுஷருக்கு உற்சவக் கை இறங்கவில்லை என்று நாங்கள் எப்படி நம்பினோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசத் தெரியாதவர் என்று நான் பொருமியவர், தன் பதிலை ஜாடி நிறையக் கிளறி என் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"கடைசி நாள் கொஞ்சம் போறலைப்பா" என்றேன்.

அப்பா தலையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார். அத்தை வெகுநேரம் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அதைக் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போய், சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.

"ஏலகிரிக்கு எத்தனை பொண்கள் வருவாடி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.