படுத்துக்கொண்டே அஞ்சலி செலுத்தியவர்

என் நாட்குறிப்பில் சிவப்பு மை ஒரே ஒரு காரியத்துக்குத்தான். திரையில் பார்த்த யாராவது இறந்துபோனால் அந்தத் தேதியின் ஓரத்தில் சிவப்பில் ஒரு கோடு. அதன் கீழே, செய்தி வந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு வரி. "பகல் 12.40. ஓர் ஓடைப் புறம்போக்கின் எல்லையை வரைந்துகொண்டிருந்தேன். வில்லன் போய்விட்டார்." இந்த அளவில். சொந்தத்தில் சாவு என்றால் நீல மை போதும். அவர்களை மறக்கவிடாமல் செய்யத்தான் மற்றச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே.

திண்டுக்கல்லில் நிலம் அளக்கும் அலுவலகமொன்றில் நான் வரைவாளர். காலையில் மலைக்கோட்டைப் பக்கத்து மைதானத்தைச் சுற்றி நடக்கும் நண்பர் வட்டத்தில் உறுப்பினர். நாங்கள் நடப்பது முக்கால் மணி நேரம். நடந்ததைப் பற்றிப் பேசுவது ஒன்றேகால் மணி நேரம். எங்களுக்கு ஒரு தலைவர் உண்டு, பெயிண்ட் கடைக்காரர். நடப்பதற்குத் தலைவர் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த வருடம் மறைந்த திரை, சின்னத்திரைக் கலைஞர்களுக்கு வட்டத்தின் சார்பில் நினைவேந்தல் கூட்டம் நடக்கும். அதற்கு ஒரு பிளக்ஸ். அதில் தலைவரின் படம் மூன்றடி உயரம், கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். மறைந்தவர்கள் தலைக்கு முக்கால் அடி. அளந்திருக்கிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் தலைவருக்காகத்தான் முதலில் வருத்தப்படுவார்கள்.

போன வருடம் ஒரு சிறு பிசகு நடந்தது. தொடர்களில் அப்பாவாக வரும் ஒருவரின் படத்தையும் அந்த வரிசையில் போட்டிருந்தோம். வாட்ஸ்அப்பில் நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள், அதற்குமேல் ஒருவர் உயிரோடிருக்க முடியுமா? எழுந்து நின்று மௌனம் காத்தோம். தலைவர் கண்ணைத் துடைத்தார். அன்று சாயங்காலம் அந்த அப்பா ஒரு தொலைக்காட்சியில், நேரலையில், வாழைப்பூ வடை தட்டிக்கொண்டிருந்தார்.

"விடப்பு," என்றார் தலைவர். "செத்ததாச் சொன்னா ஆயுசு கூடும்பாக. அவருக்கு நாம நல்லதுதேன் பண்ணிருக்கோம்."

இருந்தாலும் பிளக்ஸை மறுநாள் விடிவதற்குள் கழற்றிவிட்டார். அதன்பிறகுதான் ஒரு தீர்மானம் போட்டோம். எழுதியவன் நான். இனி ஆதாரம் இல்லாமல் ஒரு படமும் ஏறக்கூடாது. சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஏகமனதாக நிறைவேறியது. வேலை இன்னொருவருக்கு என்றால் எங்கள் வட்டத்தில் எல்லாமே ஏகமனதுதான்.

மைதானத்து வாசலில் ஒரு பெண் கம்மங்கூழும் அருகம்புல் சாறும் விற்கிறாள். நடந்து கரைத்ததையெல்லாம் நாங்கள் திரும்பச் சேர்த்துக்கொள்வது அங்கேதான். அவளுடைய அப்பா குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி விவசாயி. கால் தளர்ந்த பிறகு மகளோடு வந்து, தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளர் கழுவினார். தான் ஒரு டிவி தொடரில் பிணமாக நடித்ததாகச் சொல்லுவார். ஒருமுறை அல்ல, கூழ் குடிக்கும் நேரமெல்லாம். நாங்கள் அவரை 'நடிகரே' என்று கூப்பிட்டுச் சிரித்தோம். அவரும் சிரித்தார். புரட்டாசியில் இறந்துபோனார். நீல மையில் எழுதினேன்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, டம்ளரை நீட்டியபடி அவள் கேட்டாள்: "சார், இந்த வருச போர்டுல எங்கப்பா படத்தையும் போடுவீகளா?"

தலைவருக்குப் புரையேறிவிட்டது. "ஏத்தா, உங்கப்பா நடிச்சது பொணமா. அதுக்கு அன்னிக்கே மாலை போட்டாச்சுல்ல? ரெண்டு தடவ எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், இதையும் எழுதிவைத்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"கருமாதி அன்னிக்கு எங்க சித்தப்பா பந்தியில உக்காந்துக்கிட்டுச் சொல்றாரு, 'எங்கண்ணன் தங்கமான மனுசன், அந்த ஒரு பொய்ய மட்டும் சாகுறமுட்டும் விடல'ன்னு. அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக. சோத்துல கைய வச்சுக்கிட்டு நானும் உக்காந்திருக்கேன். எங்கப்பா பொய் சொல்லல சார். போர்டுல ஏறுச்சுன்னா சித்தப்பாவக் கூட்டியாந்து காட்டுவேன். வேற ஒண்ணும் வேணாம்."

அந்தத் தொடர் ஒளிபரப்பான அன்று கிராமமே ஒரு வீட்டு டிவி முன்னால் கூடியிருந்ததாம். சரியாக அந்த நேரத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது சமையல் எண்ணெய் விளம்பரம் ஓடியது. அன்றிலிருந்து அவர் பொய்யர்.

"ஆதாரம் வேணும்மா," என்றேன். அலுவலகத்தில் எத்தனையோ வருடமாகச் சொல்லும் வாசகம். நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"பேரு போட மாட்டாக சார், பொணத்துக்கு. எந்த நாளுன்னும் தெரியாது. அந்தச் சிரிப்பு நடிகர் செத்த அன்னிக்குத்தேன் எடுத்தாகன்னு மட்டும் அப்பா சொல்லுவாரு. அதான், படுத்துக்கிட்டே அஞ்சலி செலுத்துன கதை. நீங்கதேன் கேட்டிருக்கீகளே."

கேட்டிருக்கிறேன். நூறு முறை காதில் விழுந்திருக்கிறது, ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது முழுவதையும் சொல்லச் சொல்லி, குறித்துக்கொண்டேன்.

மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த நெய்க்காரப்பட்டிக்கு அவர் போயிருந்தபோது அங்கே தென்னந்தோப்பில் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. பிணமாகப் படுக்கக் கூட்டிவந்த ஆள் நிஜப் பாடையைப் பார்த்ததும் ஓடிவிட்டார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இவர் முகம் இயக்குநருக்குப் பிடித்துப்போனது. ஆள் ஏற்பாடு செய்யும் உள்ளூர்க்காரர் வந்து, "ஏனுங்க, கொஞ்சம் படுத்துக் குடுக்கிறீங்களா? பேச வேண்டியதில்லைங்க," என்றாராம். மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல்களில் கட்டு, கழுத்து நிறைய மாலை. பாதிப் படப்பிடிப்பில் அந்தச் சிரிப்பு நடிகர் இறந்த செய்தி வந்தது. எல்லோரும் எழுந்து நின்று தலைகுனிந்தார்கள். இவரும் எழப் போனார். மாலை கலைந்துவிடும் என்று அதட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். "ஊரே நின்னுக்கிட்டு அஞ்சலி செலுத்துச்சு, நான் ஒருத்தன்தேன் படுத்துக்கிட்டே செலுத்துனேன்" என்பதுதான் அவர் கதையின் முடிவு. அதற்குமேல் ஒன்று உண்டு: பிணமாகப் படுத்தவருக்குப் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களாம். பிணமாகவே விட்டுவிட்டால் ஆகாது என்று அவர்களுக்கு ஒரு வழக்கம்.

சிரிப்பு நடிகர் இறந்த தேதி எந்த ஊர் ஆவணத்திலும் தேடவேண்டியதில்லை. என் அலமாரியில், மூன்றாவது தட்டில், சிவப்பு மையில் இருந்தது. "காலை 10.15. பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்." இத்தனை வருடச் சிவப்புக் கோடுகளில் முதன்முறையாக ஒன்று யாருக்கோ பயன்படப்போகிறது என்பது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.

தொடரின் பெயர் அவளுக்குத் தெரியும். பழைய பகுதிகள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. யாரும் அழிக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அந்தத் தேதியிலிருந்து தொடங்கி, தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் தொலைக்காட்சி முன் நோட்டோடு உட்கார்ந்தேன். மனைவி இரண்டு நாள் பொறுத்தாள்.

"நான் சீரியல் பாத்தா 'வெளங்காத வேலை'ம்பீக. இப்ப நோட்டு போட்டுப் படிக்கிறீக?"

"ஆதாரம் தேடுறேன்."

"நானும் அப்படிச் சொல்லிருக்கலாம். இருபத்தஞ்சு வருசமாத் தோணாமப் போச்சே."

மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஒவ்வொரு முகமாகக் குறித்துக்கொண்டிருக்க, அவள் வெண்டைக்காயை நறுக்கியபடி பத்து நிமிடத்தில் வழக்கை முடித்தாள்.

"இங்க பாருங்க, பம்பாய்லேருந்து தாய்மாமா வாறாரு வாறாருன்னு மூணு நாளாப் பேசுறாக. ஆளக் காட்டவே இல்ல. காட்டாத ஆளுதேன் சாவாரு. நேரா வியாழக்கிழமைக்குப் போங்க."

வியாழக்கிழமைக்குப் போனேன். தென்னந்தோப்பு. பாடை. கதாநாயகி ஏழு நிமிடம் அழுதாள். பிணத்தை நான்கு முறை காட்டினார்கள். முதல் மூன்று முறை சாமந்தி மாலைதான் தெரிந்தது. நான்காவது முறை முகம். எங்கள் கூழ்க்கடைப் பெரியவர். சந்தேகமே இல்லை. மூக்கில் பஞ்சோடும் அதே மரியாதையான முகம். அவர் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. கதாநாயகி அழுகிறாள். ஈ நகரவில்லை. பிணம் உதட்டைக் குவித்து, மெதுவாக, 'ப்பூ' என்று ஊதியது. ஈ பறந்தது. பிணம் பழையபடி செத்துப்போனது.

இதை இயக்குநர் பார்க்கவில்லை, வெட்டி ஒட்டியவர் பார்க்கவில்லை, கோடிக்கணக்கில் இருப்பதாகச் சொல்லப்படும் நேயர்களும் பார்க்கவில்லை. எல்லோரும் கதாநாயகியோடு அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை என் செல்போனை அவளிடம் கொடுத்தேன். கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஈ பறந்ததும், "அப்பாதேன்," என்றாள். "ஈ உக்காந்தா அவருக்கு ஆகவே ஆகாது சார். பானை மூடி மேல உக்காந்தாக்கூட இப்படித்தேன்..." திரும்பத் தொடக்கத்துக்குத் தள்ளத் தெரியாமல் திரையைத் தேய்த்தாள். நான் தள்ளிக் கொடுத்தேன். நான்கு முறை. வரிசையில் நின்றவர் "ஆத்தா, கூழு" என்று ஒரு முறை கேட்டார், பிறகு அவரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆதாரம் கிடைத்துவிட்டது. இனி மிச்சம் இருந்தது தலைவர்தான். வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"ஏம்ப்பு, பொணம் மூச்சு விடுது. ஒரு பொணமா ஒழுங்காப் படுக்கத் தெரியாத ஆளக் கலைஞர்னு எப்பிடிப் போடுறது?"

"போன வருசம் உசுரோட இருந்தவரச் செத்தாருன்னு போட்டோம்," என்றேன். "இவரு செத்தவரா இருந்தப்ப உசுரோட இருந்தாரு. கணக்கு நேராயிரும்."

அவருக்கு இந்தத் தர்க்கம் பிடிபடவில்லை. ஆனால் சித்தப்பா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருவார் என்று நான் சொன்னது பிடிபட்டது. போன வருடக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் இருவர் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவரின் ஆட்கள்.

"கலைக்கு ஏது தம்பி பெரிசு சின்னது," என்றார் தலைவர்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. சித்தப்பா வந்தார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கூடவே பங்காளிகள் பதினாறு பேர். பிளக்ஸில் வரிசையின் கடைசியில் அண்ணன் படம், முக்கால் அடி. வீடியோவைப் பெரிய திரையில் போட்டேன். ஈ வந்தது. 'ப்பூ.' கூட்டம் சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் மகளைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னார்: "எங்கண்ணந்தேன்த்தா. மெய்யாலுமே படுத்திருக்கான்."

அவள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மௌன அஞ்சலிக்கு எழுந்தோம். வழக்கமாகத் தலைவர் நாற்பது நொடியில் "நன்றி, உட்காரலாம்" என்று இரண்டு நிமிடத்தை முடித்துவிடுவார். இந்த முறை நான் கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் என் நாட்குறிப்பு சுத்தமாக இருந்திருக்கும். சித்தப்பா போகும்போது வீடியோவை வாங்கிப்போனார். பொங்கலுக்குள் அது குஜிலியம்பாறை சுற்றி எல்லாச் செல்போனிலும் ஓடியது. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் எனக்கே வந்தது, தலைவர் மூலமாக: "பிரபல குணச்சித்திர நடிகர், எங்கள் மண்ணின் மைந்தர், பல தொடர்களிலும் மூன்று திரைப்படங்களிலும் நடித்தவர்." கீழே தலைவர் கேட்டிருந்தார்: "இது உண்மையா? பாத்துச் சொல்லப்பு."

மறுநாள் கூழ்க்கடையில் அவளிடம் காட்டினேன். "மூணு படம்னு போட்டிருக்கும்மா. யாரு கெளப்பிவிட்டது?"

"சித்தப்பாதேன்," என்றாள், டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டே. "திருத்தணுமா சார்?"

உண்மை ஒன்றைச் சொன்னதற்காக அவரைச் சாகும்வரை பொய்யர் என்று சொல்லிவந்த ஆள், இப்போது அவருக்காக மூன்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தீர்மானம் எழுதியவன். சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. பதில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது: ஒரு தொடர், ஒரு நாள் படப்பிடிப்பு, ஒரு பிணம், ஒரு ஈ.

தலைவருக்கு "சரிபார்ப்பில் உள்ளது" என்று அனுப்பினேன். இன்றுவரை அப்படியே இருக்கிறது. புரட்டாசிப் பக்கத்தில், நீல மையின் ஓரத்தில், சிவப்பில் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டேன்.