முதல் ஸ்டார்ட்டில் இரண்டு நொடி

அந்த வட்டாரத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். கார் பட்டறைக்குள் நுழையும்போதே, சத்தத்தை வைத்துக் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் ஒருவர் ஒரு நாள் காலை தன் காரைக் கொண்டு வந்து விட்டுப் போனார். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, இழுவையும் குறைந்திருந்தது. ஸ்கேனரைச் செருகினால் பி 0016 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டியது. கீழே சுழலும் கிராங்கும் மேலே சுழலும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இரண்டையும் பிணைப்பது டைமிங் செயின். அது தளர்ந்திருந்தால், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கரகரக்கும். மறுநாள் காலை நர்ஸையே ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, காதுக்காரர் பானெட்டுக்குள் குனிந்து கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

"செயின் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். சென்சார் போயிருக்கும்" என்று மாற்றிக் கொடுத்தார்.

நாலாம் நாளே விளக்கு மறுபடி எரிந்தது. ஆயிலை மாற்றி, கேமுக்கு ஆயில் விடும் வால்வைக் கழுவி மாட்டினார். ஒரு வாரம் தாங்கியது. பிறகு நர்ஸ் போன் செய்தார். நாற்சந்தி நடுவில் வண்டி நின்றுபோய், பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிப் போனதாம். ஆனாலும் திட்டவில்லை. அதுதான் காதுக்காரரைக் குடைந்தது.

இழுத்து வந்த காரை மறுநாள் காலை அவரே ஸ்டார்ட் செய்தார். பட்டறையின் பில், போன் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னங்க, தகர டப்பாவுல ஆணி போட்டு ஆட்டுற மாதிரி சத்தம் வருது?"

"எங்க வருது?"

"இப்ப நின்னுடுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டுடுமா?"

மனைவி கையிலிருந்த பில் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார்: "நீங்க டிவி வைக்கிற சத்தத்துல பக்கத்து வீட்டுக்குத் தனியா டிவியே தேவையில்ல. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சின் ஆறி ஆயில் கீழே வடிந்தால்தான் அந்தச் சத்தம் திரும்ப வரும் என்று ஒரு மணி நேரம் பொறுத்து, மனைவியைச் சாவி திருப்பச் சொல்லி, எஞ்சின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். இரண்டு நொடி கரகரவென்று கை அதிர்ந்தது. காதில் மட்டும் எதுவும் விழவில்லை.

மூடியைக் கழற்றினால் செயின் நீண்டு தொய்ந்திருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சிக்கிக் கிடந்தது. கேம் சக்கரத்தின் குறி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு பல் தள்ளி நின்றது. இன்னும் இரண்டு பல் தாண்டியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே நொறுங்கியிருக்கும், ஓடுகிற ஓட்டத்தில். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புதுச் செயினும் டென்ஷனரும் போட்டு, குறிகளை நேராக்கி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். குறிகள் பிசகவில்லை. ஸ்கேனரில் பழைய பி 0016-ஐ அழித்த பிறகு அது திரும்ப வரவில்லை.

நர்ஸ் வந்தபோது காதுக்காரர் மறைக்கவில்லை. "அன்னிக்கே சத்தம் வந்திருக்கும் சிஸ்டர். எனக்குத்தான் கேக்கல. தப்பு என்னோடது."

"நடுரோட்டுல நின்ன அன்னிக்கு வண்டில என் பொண்ணும் இருந்தாண்ணே" என்றார் நர்ஸ். சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு அந்தப் பட்டறைக்கு வரவே இல்லை.

மறுவாரம் காதுக்காரர் காது பரிசோதனைக்குப் போனார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். பரிசோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே இருந்த மனைவி, அவர் விரல் வெகுநேரம் அசையாமல் இருப்பதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். போன கூர்மை திரும்பாது என்றார் டாக்டர்.