நான்கு பானைச் சோறு

கம்பெனி செம்பனைத் தோட்டத்தை விற்ற பிறகு எங்களுக்குக் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு கிடைத்தது. தோட்டத்து லயத்தில் ஒட்டு ஒட்டாக வீடுகள்; ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சண்டையும் கேட்கும். தாமானில் வாசல் கேட்டைப் பூட்டினால் ஒன்றும் கேட்காது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தனியாக இறந்து கிடந்தார். எங்களுக்குத் தெரிய இரண்டு நாளானது. அவரும் நானும் ஒன்றாகச் செம்பனைக் குலை வெட்டியவர்கள்.

அதற்குப் பிறகுதான் நர்சம்மா இதை ஆரம்பித்தார். கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான்கு வீட்டார் ஒரு வீட்டில் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார். நர்சம்மா ஒரு வீடு. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணியும் அவர் மனைவியும் ஒரு வீடு. லோரி ஓட்டும் தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் ஒரு வீடு. நானும் என் மனைவியும் ஒரு வீடு.

யார் வீட்டு முறையோ அவர்கள் சோறு ஆக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கறி. என்ன கறி என்று முன்னாலேயே சொல்லக் கூடாது. சொன்னால் போட்டி வந்துவிடும். ஒரு தடவை மூன்று சாம்பார் வந்தது. சாப்பிட்டோம்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நான் கிராணி வீட்டு வாசலோடு சரி. உள்ளே போனதில்லை. இங்கே அவர் மேசையில் உட்கார்ந்தேன். அவரே எனக்கு மீன் துண்டை எடுத்து வைத்தார். நல்ல துண்டு.

பிறகு என் மனைவி இறந்தாள். அவர்கள் என்னை விடவில்லை. ஒவ்வொரு மாதமும் கூப்பிட்டார்கள். ஆனால் என் முறை வரும்போது தாண்டிப் போனார்கள். நான் ஐஸ்கட்டி வாங்கிப் போவேன். இல்லாவிட்டால் பழம். நன்றாகத்தான் கவனித்தார்கள். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு வருடம் இப்படி.

ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டேன். "அடுத்த மாசம் என் வீடு."

லோரித் தம்பி தட்டைப் பார்த்தான். நர்சம்மாதான், "சரிண்ணே" என்றார்.

சோறு சரியாக வராவிட்டால் இனி போவதில்லை என்று முடிவு செய்தேன். கொடுக்க முடியாதவன் அங்கே எதற்கு?

என் வீட்டு ரைஸ் குக்கர் ஒரு ஆளுக்கானது. மனைவியின் பெரிய பானையை இறக்கினேன். சுங்கை பஞ்சாங் அரிசி ஒரு மூட்டை வாங்கினேன். அவள் பால் டின்னால் அளப்பாள். டின் அரிசிக்குள்ளேயேதான் கிடக்கும். எத்தனை டின் என்று தெரியும், எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. ஆக்கிப் பார்த்தேன். முதல் தடவை குழைந்தது. இரண்டாவது அடி பிடித்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் தின்றன. ஐந்தாவது தடவை சரியாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை எட்டு டின் போட்டேன். நன்றாக வந்தது. மூடி வைத்துவிட்டு வாசலில் நின்றேன்.

நர்சம்மா பெரிய பாத்திரத்தோடு வந்தார். கிராணி மனைவி துணி கட்டிய பானையோடு வந்தார். லோரித் தம்பி குக்கரையே தூக்கி வந்தான். காரில் அதற்கு பெல்ட் போட்டிருந்தான். எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்கள். கிராணி ஒவ்வொரு மூடியாகத் திறந்தார்.

சோறு. சோறு. சோறு.

"என்னாடி இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"அண்ணன் ஒண்டியா இருக்காரு, எப்படி ஆக்குவாருன்னு..." என்று அவர் இழுத்தார்.

"நானும் அதான் நெனச்சேன்," என்றான் லோரித் தம்பி. "கறிதான் மத்தவங்க கொண்டாருவாங்களேன்னு."

எனக்கு முகம் சூடானது. "என்னால சோறு ஆக்க முடியாதுன்னு நெனச்சீங்களா?"

கிராணி தரையைப் பார்த்தார். நர்சம்மா என்னைப் பார்த்தே சொன்னார். "ஆமாண்ணே. நெனச்சோம். தப்புதான்."

அடுப்படிக்குப் போனார். என் பானையைத் திறந்தார். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "நல்லா வெந்துருக்கு. தம்பி, மத்த மூணையும் கார்ல ஏத்து. இன்னிக்கு இந்தச் சோறுதான்."

"கறிக்கு எங்கம்மா போறது?" என்றார் கிராணி.

அலமாரியில் இரண்டு சார்டின் மீன் டின் இருந்தது. முட்டை இருந்தது. வேலியோரம் முருங்கை. லோரித் தம்பி ஏறிக் கீரை ஒடித்தான். பிள்ளைகள் உருவினார்கள். கிராணி வெங்காயம் உரித்து அழுதார். "ஆபீஸ்ல பேனாவ மட்டும் புடிச்ச கை, பாவம்," என்றான் தம்பி.

"ஒனக்கு லோரியத் தவிர என்னடா தெரியும்? கீரையப் பாத்து ஒடி. அது பப்பாளி லா," என்றார் கிராணி.

கிராணி மனைவி மிளகாய்த்தூள் போத்தலைக் கண்டுபிடித்தார். என் மனைவி நிரப்பி வைத்தது. நான் தொட்டதில்லை. "இது என்னாண்ணே, மொளகாத்தூளா செங்கத்தூளா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மெதுவாகக் கேட்டார். "கொட்டிறவா?"

போத்தலைக் கையில் வாங்கி, திருப்பிக் கொடுத்தேன்.

"கொட்டிரும்மா. போத்தல மட்டும் கழுவி வையி."

நர்சம்மா பச்சை மிளகாய் போட்டுச் சமாளித்தார். எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்தோம். நான் பரிமாறினேன். சின்னவன் மூன்று தடவை சோறு கேட்டான். கிராணி அடிப்பானையைச் சுரண்டித் தரச் சொன்னார். சுரண்டிக் கொடுத்தேன். பானையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

அவர்கள் பாவம் பார்த்தது நிஜம். பாவம் பார்த்த சோற்றைக் காரில் ஏற்றிவிட்டு என் சோற்றைச் சாப்பிட்டதும் நிஜம். நான் அவர்களிடம் நன்றி என்று சொன்னதில்லை. எனக்கு வராது. இங்கே எழுதுகிறேன்.

கிளம்பும்போது நர்சம்மா வாசல் கேட்டருகே நின்றார். "நாலு மாசம் கழிச்சி மறுபடி உங்க மொறைண்ணே. மறந்துறாதீங்க."

"மறக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் கிராணி போன் செய்தார். "காலையில பசியாறவும் நேத்துத் திருப்பிக் கொண்டாந்த சோறுதான்யா. மத்தியானமும் அதுதானாம். எல்லாம் ஒன்னாலதான்."

"நல்லா சாப்பிடுங்க கிராணியாரே," என்றேன்.

அப்போது நான் கடையில் நின்றிருந்தேன். மிளகாய்த்தூள் வாங்கினேன். பெரிய பாக்கெட்டாக.