மருமகனுக்கு முன்னால் அரைமணி நேரம்

கிணற்றடியில் வாளியைத் தூக்கியபோது முதுகில் ஏதோ முறிந்தது. எனக்குத் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டார்கள். வலி போகாமல் மட்டக்களப்புக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்தால், முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கியிருந்தது. ஒரு வாளித் தண்ணீருக்கே நொறுங்குகிற அளவுக்கு எலும்பு உக்கிவிட்டதாம். டாக்டர் இளம் பெண், மூடி மறைக்கத் தெரியாதவர். "இன்னொண்டு நொறுங்கினா படுக்கைதான் அம்மா" என்றார்.

கிழமைக்கு ஒரு குளிசை, ஏழு நாளைக்கு ஒன்று என்று தந்தார். விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் சாப்பிடக் கூடாது, குனியக் கூடாது, படுக்கக் கூடாது.

எங்கள் ஊர் கிரானில் எந்தப் பெண்ணை விடியற்காலையில் அரைமணி நேரம் சும்மா இருக்க விட்டிருக்கிறார்கள்? குளிசையை விழுங்கிவிட்டு வழமைபோலத் திருவலையில் குந்தித் தேங்காய் திருவினேன். நெஞ்சு எரிந்தது. மறுகிழமையும் எரிந்தது. "அது உங்களுக்கு ஒத்துவரல்லம்மா, விடுங்க. எலும்புக்கு நண்டுச் சூப் காய்ச்சித் தாறன்" என்றாள் மகள். "வயசு போனா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று மருமகன் அவளிடம் சொன்னது குசினியில் அடுப்படி வரை கேட்டது. என்னோடு அவர் நேரே பேசுவதில்லை. நானும் அவரோடு பேசுவதில்லை. எங்கள் வீடுகளில் மாமிமார் அப்படித்தான் பழகியிருக்கிறோம். மருமகன் இருக்கும் இடத்தில் கதிரையில் உட்காரவும் மாட்டோம்.

இத்தனைக்கும் வீடு யாருடையது? என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது, நான் என் மகளுக்குக் கொடுத்தது. எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, ஆண் பெட்டியோடு வந்து ஏறுகிறவன் என்று வெளியூராரிடம் பெருமையடிப்போம். வந்து ஏறியவர் விறாந்தையில் கால் நீட்டியிருப்பார், வீட்டுக்காரி அடுப்படியில் பலகையில் குந்தியிருப்பாள். நல்ல பெருமை!

குளிசையை நிறுத்தப்போகிறேன் என்று சொல்லத்தான் அடுத்த முறை கிளினிக்குக்குப் போனேன். எப்படி எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தேங்காய் திருவியதைச் சொன்னேன்.

"குனிஞ்சா எரியாம என்ன செய்யும்? நிமிர்ந்து இருந்து பாருங்க. அப்பவும் எரிஞ்சா நிப்பாட்டி வேற மருந்து பார்ப்பம். ஏன், வீட்ட கதிரை இல்லையா?"

கதிரை இருக்கிறது, அதில் இருக்கத்தான் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் வரும்போது கோபம் கோபமாக வந்தது. என் முதுகெலும்பு உடைந்தாலும் பரவாயில்லை, மருமகனின் மரியாதை உடையக் கூடாது!

அடுத்த கிழமை மகள் கதிரையைக் குசினிக்குள் கொண்டுவந்து போட்டாள். அது சரிவரவில்லை. குசினிக்குள் இருக்கிற பெண்ணின் கையைச் சும்மா விடுவார்களா? "அம்மா, அந்த வெங்காயத்த உரிச்சுத் தாங்களன்" என்றாள். குனிந்து கூடையை எடுத்தேன். நெஞ்சு பழையபடி எரிந்தது.

அதற்கடுத்த குளிசை நாளில், தண்ணீர்க் கிளாஸோடு நேரே விறாந்தைக்குப் போனேன். மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே இருந்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, குளிசையை விழுங்கினேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். என்னைப் பார்க்காமலே முற்றத்துக்கு இறங்கிவிட்டார்.

மகள் ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்: "என்னம்மா இது? அவர் வெளியில நிக்கிறார். உள்ள வாங்க."

எழும்பவில்லை. முற்றத்துக்கும் கேட்கும்படியே சொன்னேன்:

"நிக்கட்டும் புள்ள. அவருக்கு எலும்பு நல்லாத்தானே இரிக்கி."