காசநோய் இல்லை என்ற நெசவாளர்

கொரோனா இரண்டாம் அலையின்போது காஞ்சிபுரத்தில் ஒரு பரிசோதனை முகாமில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், காசநோய் என்று வரிசையாகக் கேட்பேன். ஏதாவது ஒன்று இருந்தால் உயிருக்கு ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவர்களைத் தொற்று உறுதியானதும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். எதுவும் இல்லாதவர்களுக்கு வீட்டுத் தனிமை.

அந்த நெசவாளர் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்த சட்டைக்குள் மிகவும் ஒல்லியாக இருந்தார். இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவருடைய ஜோடிக்காரர் வரிசையில் அவருக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"காசநோய் இருக்கிறதா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

அவர் ஒருமுறை பின்னால் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லமா. நாளெல்லாம் தறிக்குழியில உக்காந்துக்கினு இருக்கறவனுக்கு இருமல் கூட வராதா?"

தொற்று உறுதியாகி, வீட்டுத் தனிமையில் ஆறாம் நாள் மூச்சுத்திணறி இறந்தார்.

பிறகு ஜோடிக்காரர் மட்டும் முகாமுக்கு வந்தார்.

"நாலு மாசமா காசத்துக்கு மாத்திரை போட்டுக்கினு இருந்தாருமா. எனக்குத் தெரிஞ்சா வேற ஆளோட போயிடுவேன்னு பயம். நானும் தெரியாத மாதிரியே பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அவரு இல்லன்னு சொல்றாரு. நாலு பேர் முன்னாடி நான் எப்படிமா இருக்குதுன்னு சொல்றது?"

அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டேன். அதற்கு மேசையை வரிசையிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டதே போதுமாக இருந்தது.