டோரீனுக்கு வந்த செவ்வாய் தோஷம்

டோரீன் ஹூசாக்குக்கு ஜாதகம் கிடையாது. இருந்தும் அவள் கல்யாணத்தைச் செவ்வாய்தான் தடுத்தது. செவ்வாய் கிரகத்துக்கு வண்டி அனுப்பும் அமெரிக்காவின் பாசடீனா ஆய்வுக்கூடம் ஒன்றில், எந்த வேலை எப்போது முடியும் என்று கணக்குப் போடுவது அவள் உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் லைல், ஐம்பது வயதில் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "வண்டி கிளம்பட்டும், மறுவாரமே பண்ணிக்கலாம்" என்றாள். அங்கே எல்லாரும் அப்படித்தான். பல் பிடுங்குவது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது, ஓய்வு பெறுவது எல்லாமே வண்டி கிளம்பிய பிறகுதான்.

வண்டி கிளம்பினால்தானே! முதலில் சோதனையில் பாராசூட் கிழிந்தது. செவ்வாயும் பூமியும் தோதாக நிற்பது ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, தவறினால் தவறியதுதான். அடுத்த தடவை வரை அத்தனை பேருக்கும் சம்பளம் போடவேண்டும். யானையைக் கட்டித் தீனி போட்ட கதையாயிற்று. கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணமும் போயிற்று.

இரண்டாம் தடவை, மண்ணில் துளை போடும் கருவி குளிரில் இறுகிக்கொண்டது. விஷயத்தைச் சொல்ல லைலைப் பான்கேக் கடைக்கு வரச்சொன்னாள் டோரீன்.

"நீயே காசு குடுக்கறேங்கிற. என்ன, வண்டி போகலையா?" என்றான் லைல்.

"இன்னும் ரெண்டு வருஷம். இந்தத் தடவை எழுபது சதவீதம் நிச்சயம்."

"போன தடவையும் எழுபதுதான். எனக்குச் சதவீதம் வேணாம் டோரீன், பொண்டாட்டி வேணும்."

"அது இல்ல லைல், துளை போடற கருவி..."

"அந்தக் கருவியா நமக்கு மோதிரம் மாட்டிவிடப் போகுது? அதுக்கும் நம்ம கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?"

இது முடிந்தால்தான் அது என்று ஒரு வேலையை இன்னொன்றோடு முடிச்சுப் போடுவதே டோரீனின் பிழைப்பு. கல்யாணத்தையும் அப்படியே வண்டியோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஏன் என்று யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவன் எழுந்து போய்விடுவானோ என்று பயமாக இருந்தது.

"ஒரு சம்பந்தமும் இல்ல," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துடு."

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் ஒரு கூட்டம் அனுமார் வாலாக நீண்டது. டோரீன் மூச்சிரைக்க ஓடிவந்தபோது பத்தே முக்கால். லைல் வாசலில் சாவகாசமாக டோனட் தின்றுகொண்டிருந்தான்.

"போச்சா?" என்றாள், அழமாட்டாத குறையாக.

"அவங்க வரச்சொன்னது பதினொண்ணுக்கு. உங்கிட்டதான் பத்துன்னு சொன்னேன்."

இப்படிக் கெடு சொல்லும்போதே கொஞ்சம் உபரி நேரத்தை ஒளித்துவைக்கும் பொறியாளர்களை இருபது வருஷமாகக் கடித்துக் குதறியவள் டோரீன். முதன்முறையாக அப்படி ஒருவனுக்கு முத்தம் கொடுத்தாள்.