பயங்கரம் ஹென்றி

ஜங்ஷன் பக்கம் பயங்கரம் ஹென்றி என்றால்தான் ஆளைத் தெரியும். செல்போன் கடையில் வேலை. சாயங்காலமானால் ஏதாவது ஓட்டல் வாசலில் நின்று, தின்பதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவான். புரோட்டா பயங்கரம், சால்னா பயங்கரம், அல்வாவோ பயங்கரத்திலும் பயங்கரம். பார்க்கிறவர்களும் வெட்கமில்லாமல் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

அவன் மனைவி பெர்சிஸுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே குமட்டும். பயத்தைக் கொடுப்பதுதான் பயங்கரம். கொலை பயங்கரம், விபத்து பயங்கரம். இந்த மனுஷன் வாயில் விழுந்து அது சால்னாவில் மிதக்கிற எண்ணெய் ஆகிவிட்டது. கல்யாணத்தன்று அவள் காதருகே குனிந்து, "பயங்கரமா இருக்க" என்றான். கட்டிக்கொண்டவளிடம் சொல்கிற பேச்சா அது? மகள் ஆன்லின் பிறந்தபோதும் தொட்டிலை எட்டிப் பார்த்து அதையேதான் சொன்னான். வேறு சொல் கைவசம் இருந்தால்தானே.

ஆற்றை ஒட்டிய வீடு. மார்கழி மழையில் தாமிரபரணி தெருவுக்குள் ஏறி, வாசலைத் தாண்டி, மாடிப்படியில் பாதிவரை வந்துவிட்டது. மூன்று பேரும் மொட்டைமாடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். ஆன்லின் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உதவி கேட்க ஹென்றி, தன் படங்களைப் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசினான். உயிர் போகிற நேரத்திலும் பழக்கம் விடவில்லை, ஓட்டல் வாசலில் பேசுகிற அதே இழுவை.

"ஏலே மக்கா, எங்க வீட்டுப் பக்கம் தண்ணி பயங்கரமா வருது. உடனே கெளம்பி வாங்க."

கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன. "வண்டி நிறுத்த இடம் இருக்காவே?" என்று ஒருவன் கேட்டான். "பிள்ளைகளையும் கூட்டிட்டு வரலாமா அண்ணாச்சி?" என்றான் இன்னொருவன். அதற்குள் தண்ணீர் இன்னும் சில படிகள் ஏறிவிட்டது.

பெர்சிஸ் போனைப் பிடுங்கினாள். "முங்கப் போறோம். படகு அனுப்புங்க" என்றாள். அதற்கு விளக்கம் எவனும் கேட்கவில்லை, படகு வந்தது.

பள்ளிக்கூடத்து முகாமில் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த ஜமீலா பீவி, பிள்ளையின் தலையைத் துவட்டிவிட்டாள். "மேல நின்னு வெள்ளத்தப் பாத்தியாம்மா? எப்படி இருந்துச்சு?"

"பயங்கரமா இருந்துச்சு" என்றாள் ஆன்லின்.

ஜமீலா பீவி சிரித்துவிட்டாள். "பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்சிப் போச்சு போலுக்கு."

ஆன்லினின் உதடு பிதுங்கியது. "இல்ல பெரியம்மா. அப்பா சொல்லுத பயங்கரம் இல்ல. இது வேற" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் அழ ஆரம்பித்தாள்.

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஹென்றியை பெர்சிஸ் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு வேற வார்த்தை வேணுமாம். உங்ககிட்ட ஒண்ணு இருந்தா எடுத்துக் குடுங்க."